பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5: மார்க் 1, மார்க் 2, மார்க் 3 இல் எதை எடுப்பது?

"அண்ணா, மார்க் 1 எடுக்கிறதா, மார்க் 3 எடுக்கிறதா?" இங்கிலாந்தில் வெயில் கொஞ்சம் தலைகாட்டினால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். கார் மாஸ்டாவின் திறந்த கூரைக் காரான எம்எக்ஸ்-5, மார்க் என்பது அதன் தலைமுறை. கேட்பவரிடம் பெரும்பாலும் ஐயாயிரம் பவுணுக்குள் ஒரு தொகை இருக்கும். வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு குடும்பக் கார் நிற்கும். இது ஆசைக்கு வாங்கும் இரண்டாவது கார். விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து ஆள் குழம்பிப் போயிருப்பார். எல்லாவற்றிலும் எம்எக்ஸ்-5 என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் எஞ்சின் ஒன்றில் 1.6 லீற்றர், ஒன்றில் 1.8, ஒன்றில் 2.0. பெயரோ ஒன்று யூனோஸ், ஒன்று மொன்ஸா, ஒன்று ஐகன். முப்பது வயதுக் காரும் பதினைந்து வயதுக் காரும் ஏறத்தாழ ஒரே விலையில் நிற்கின்றன.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். எஞ்சினையும் பதிப்பையும் பிறகு பார்க்கலாம். கார் எந்த முகவரியில் நிற்கப்போகிறது, அதன் அடித்தகரம் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள். இவற்றைப் பார்த்தாலே பட்டியலில் பாதி கழன்றுவிடும். குதிரைத்திறன் கடைசிக் கேள்வி.

இந்தக் கார்தான் ஏன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1960களின் பிரித்தானியத் திறந்த கார்களை, குறிப்பாக லோட்டஸ் எலானை, மனதில் வைத்து ஜப்பானியர் 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் வெளியிட்டது இது. எஞ்சின் முன்னால், உந்துவிசை பின்சில்லுகளுக்கு, இரண்டே இருக்கை, முதல் தலைமுறையின் எடை ஒரு தொன்னுக்குள். 2016 இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதனால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. இதே காசுக்கு எம்ஜிஎஃப் கிடைக்கும், அதில் ஹெட் காஸ்கெட் தொல்லை. முதல் தலைமுறை போர்ஷே பொக்ஸ்ரர் கிடைக்கும், அதன் எஞ்சினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் பெயரிங் உடைந்தால் வரும் செலவு காரின் விலையைத் தாண்டும். எம்எக்ஸ்-5 க்கு, ஆரம்பகாலச் சில 1.6 களைத் தவிர, அப்படி ஒரே அடியில் ஆளைச் சாய்க்கும் எஞ்சின் நோய் இல்லை. அதைக் கொல்வது கறள்.

## எதை வைத்து அளப்பது

முகவரி. லண்டன் தமிழர்களுக்கு இதுதான் முதல் அளவுகோல். 2023 ஓகஸ்ட் 29 இலிருந்து யூலெஸ் வலயம் (புகை அதிகம் கக்கும் வாகனங்களிடம் நாட்கட்டணம் வாங்கும் பகுதி) லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், குரொய்டன் எல்லாம் உள்ளே. பெற்றோல் கார் யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இல்லாவிட்டால், ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். நத்தார் தினம் ஒன்றுக்குத்தான் விடுமுறை. நிறுத்தி வைத்திருந்தால் கட்டணம் இல்லை, எடுத்து ஓட்டினால்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு மட்டும் ஓட்டினாலும் வாரம் 25 பவுண், வருடம் 1,300. கோடையில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து இருபது நாள் எடுப்பவருக்கு 250 பவுணோடு முடிந்துவிடும். வேலைக்கு வாரம் ஐந்து நாள் போய்வந்தால் வருடம் மூவாயிரம் அளவுக்கு வந்துவிடும். இரண்டு வருடத்தில் இன்னொரு காரையே வாங்கிவிடலாம். கட்ட மறந்தால் தண்டம் 180 பவுண், பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதி. பர்மிங்ஹாம் நகர மையத்தில் நாளுக்கு 8 பவுண், பிரிஸ்டலில் 9. மில்ரன் கீன்ஸ், லெஸ்ரர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.

தகரம். கதவுக்குக் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே ஒரு பெட்டித் தகரம் ஓடுகிறது. கராஜில் சில்ஸ் என்பார்கள். கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பே அதுதான். அது உக்கினால், கார் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் எம்ஓரி சோதனையில் விழும். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்ட வேண்டும், நிறமும் அடிக்க வேண்டும். மலிவாக எடுத்த காராக இருந்தால் அந்தச் செலவிலேயே காரின் விலை போய்விடும்.

பாவனை. தினமும் ஓட்டுவதா, வார இறுதிக்கா? வெளியே தெருவில் நிற்குமா, பூட்டிய கராஜிலா? நெடுஞ்சாலையில் நூறு மைல் போக வேண்டுமா?

உங்கள் உயரம். யாரும் எழுதாத விடயம். மார்க் 1, மார்க் 2 இரண்டிலும் ஸ்ரேரிங் எந்தப் பக்கமும் அசையாது. ஆறடிக்கு மேற்பட்டவருக்குத் தொடை ஸ்ரேரிங்கில் முட்டும், கண் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் நிற்கும். மார்க் 3 இல் ஸ்ரேரிங்கை மேலும் கீழும் மாற்றலாம், இருக்கை இடமும் சற்றுக் கூட. விளம்பரம் தேடத் தொடங்குமுன் மூன்றிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சிலருக்கு முடிவு அங்கேயே வந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | மார்க் 1 (என்ஏ) | மார்க் 2, 2.5 (என்பி) | மார்க் 3 (என்சி) |
|---|---|---|---|
| பிரித்தானிய விற்பனை | 1990–1998 | 1998–2005 | 2005–2015 |
| எஞ்சின் | 1.6, 1.8 | 1.6, 1.8 | 1.8, 2.0 |
| குதிரைத்திறன் (சுமார்) | 1.6: 115, பிந்திய 1.6: 90, 1.8: 130 | 1.6: 110, 1.8: 140–146 | 1.8: 126, 2.0: 160 |
| ரைமிங் (எஞ்சின் வால்வுகளை இயக்குவது) | பெல்ற் | பெல்ற் | சங்கிலி |
| பின்கண்ணாடி | பிளாஸ்ரிக், ஸிப் | கண்ணாடி, சூடாக்கியுடன் | கண்ணாடி |
| யூலெஸ் | கட்ட வேண்டும் | பெரும்பாலும் கட்ட வேண்டும், இலக்கத்தகட்டைப் பாருங்கள் | கட்டணம் இல்லை |
| முதலில் உக்கும் இடம் | சில்ஸின் பின்முனை | சில்ஸ், முன்பக்கச் சேஸி | பின்சில்லு வளைவு, அடிச்சட்டங்கள் |
| விலைப் போக்கு | ஏறுகிறது | மூன்றிலும் மலிவு | வயது, மைலேஜைப் பொறுத்தது |

## மார்க் 1: எழும்பும் கண்கள்

பொனற்றிலிருந்து எழும்பும் முன்விளக்குகள்தான் இதன் அடையாளம். ஆசைப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த விளக்குக்காகத்தான் ஆசைப்படுகிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டும்போதும் மூன்றிலும் பாரமற்றது இதுதான். கியரை மணிக்கட்டாலேயே மாற்றலாம். ஐம்பது மைல் வேகத்தில் கிராமத்துச் சாலையில் போனாலே எண்பதில் போகிற உணர்வு வரும்.

எஞ்சினில்தான் குழப்பம் தொடங்குகிறது. முதலில் வந்தது 1,597 சிசி கொண்ட 1.6, சுமார் 115 குதிரை. 1993-94 அளவில் 1.8 வந்தது. 1995 இல் பிரித்தானியாவில் 1.6 ஐத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் சக்தியைக் குறைத்து 90 குதிரைக்கு. விளம்பரத்தில் இரண்டும் "1.6" என்றுதான் இருக்கும். 1995 க்குப் பிந்திய 1.6 என்றால் அது அந்த 90. மெதுவாக உலாப் போக அது காணும், ஆனால் 115 க்கான விலையைக் கொடுக்காதீர்கள். மொன்ஸா என்ற பச்சை நிறப் பதிப்பும் இந்த 90 ஐச் சுமந்து வந்ததுதான். பொதுவாக இந்தச் சிறப்புப் பதிப்புகள் நிறம், தோல் இருக்கை, சில்லு, ஒரு பெயர்ப்பட்டி, அவ்வளவே. பதிப்பின் பெயருக்கென்று ஆயிரம் பவுண் கூடக் கேட்டால், அந்தக் காசுக்குக் கறள் இல்லாத சாதாரணக் காரைத் தேடுவேன்.

1991 வரையான 1.6 களில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிராங்கின் (எஞ்சினின் பிரதான சுழல்தண்டின்) முன்மூக்கு சிறியது. அதில் பெல்ற் சக்கரத்தைப் பிடிக்கும் சாவி தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கினால், எஞ்சினைக் கழற்றும் வேலை. பொனற்றைத் திறந்து, கீழே இருக்கும் கிராங்க் சக்கரத்தின் நடுப்பகுதியில் வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் சின்ன மூக்கு, எட்டு என்றால் மாற்றப்பட்ட பெரிய மூக்கு. நான்கு என்றதும் ஓட வேண்டியதில்லை, பலது இன்றும் நன்றாக ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது சக்கரம் ஆடுகிறதா என்று பாருங்கள், விலையைப் பேசும்போது நினைவில் வையுங்கள்.

மற்றவை சில்லறை. தொடக்கத்தில் மேலே டிக் டிக் என்று தட்டும் ஒலி வால்வுகளைத் தள்ளும் ஹைட்ரோலிக் லிஃப்ரர், பெரும்பாலும் நல்ல எண்ணெய் மாற்றினால் அடங்கும். எஞ்சின் தலையின் பின்புறம் எண்ணெய் கசிந்தால் அது பெரும்பாலும் கேம் சென்சரின் றபர் வளையம், சில பவுண் விடயம். ரைமிங் பெல்ற் 60,000 மைலுக்கு ஒருமுறை, தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். இந்த எஞ்சின்களில் பெல்ற் அறுந்தாலும் வால்வு பிஸ்ரனில் மோதாது. ஆள் வழியில் நிற்பார், எஞ்சின் தப்பும்.

பிரித்தானியக் காரா, யூனோஸா? ஜப்பானில் இதே கார் யூனோஸ் றோட்ஸ்ரர் என்ற பெயரில் விற்றது. அதுவும் வலப்பக்க ஸ்ரேரிங் என்பதால் ஆயிரக்கணக்கில் இங்கே இறங்கியது. யூனோஸில் பெரும்பாலும் ஏசி இருக்கும், பவர் ஸ்ரேரிங் இருக்கும். வி-ஸ்பெஷல் என்றால் பச்சை நிறமும் பழுப்புத் தோலும் நார்டி மரச் ஸ்ரேரிங்கும். ஜப்பானின் பெரும்பகுதியில் நம் குளிர்கால உப்பு ரோட்டில் விழுவதில்லை, ஆகவே வந்திறங்கும்போது அடித்தகரம் பளிச்சென்று இருக்கும். எப்போது வந்திறங்கியது என்பதுதான் கேள்வி. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்த யூனோஸ் இருபத்தைந்து குளிர்கால உப்பைத் தின்றிருக்கிறது, அதுவும் பலவேளை அடிப்பூச்சு இல்லாமல். அதைப் "புத்தம்புது ஜப்பான் தகரம்" என்று விற்பவரிடம் இறக்குமதித் திகதியைக் கேளுங்கள். காப்புறுதியில் சில நிறுவனங்கள் இதை இறக்குமதி என்று தனியே வைத்துக் கூடக் கேட்கும்.

லண்டனுக்குள் இருப்பவருக்கு ஒரு தூரத்து ஆறுதல் உண்டு. நாற்பது வயதைத் தாண்டி, வரலாற்று வாகனம் என்ற வரிப் பிரிவுக்கு மாறும் கார்களுக்கு யூலெஸ் இல்லை. விதி இப்படியே இருந்தால் 1989 இல் செய்த யூனோஸ்கள் 2030 ஏப்ரலிலிருந்தும், 1990 கார்கள் அடுத்த வருடமும் அந்தப் பிரிவுக்கு மாறலாம். கராஜும் பொறுமையும் உள்ளவருக்கு இது ஒரு கணக்கு.

மாஸ்டா நிறுவனமே 2017 இல் ஜப்பானில் மார்க் 1 க்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, துணிக்கூரை முதல் நார்டி ஸ்ரேரிங் வரை பல பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

*யாருக்கு:* வலயத்துக்கு வெளியே, பூட்டும் கராஜ் வைத்திருப்பவருக்கு. அல்லது வலயத்துக்குள் இருந்து வருடத்தில் சில நாள் மட்டும் எடுப்பவருக்கு. வெளியே தெருவில் மழையில் நிறுத்தப்போகிறவர் இதைத் தொட வேண்டாம். பலவற்றில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இல்லை என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

## மார்க் 2: யாரும் கும்பிடாத நடுப்பிள்ளை

எழும்பும் விளக்கு போனது, அதோடு காதலும் போனது. அதனால்தான் இது மலிவு. ஓடும் பொருளாகப் பார்த்தால் மார்க் 1 இன் அடித்தளம் அப்படியே, அதில் குறை களைந்த உடல். பின்கண்ணாடி உண்மையான கண்ணாடி, சூடாக்கியோடு. மார்க் 1 இல் கூரையை மடக்குமுன் பிளாஸ்ரிக் ஜன்னலின் ஸிப்பைத் திறக்க வேண்டும். குளிரில் திறக்காமல் மடக்கியவர்களின் கார்களில் ஜன்னல் நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மார்க் 2 இல் அந்தக் கவலை இல்லை.

2001 இல் முகத்தை மாற்றினார்கள். அதுதான் மார்க் 2.5. உடலைச் சற்று இறுக்கினார்கள், 1.8 க்கு வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு வந்து 146 குதிரை ஆனது. 1.8 ஸ்போர்ட்டில் ஆறு கியர். 1999 இன் பத்தாண்டு நிறைவுப் பதிப்பும் ஆறு கியர்தான். உலகத்துக்கு 7,500 கார், நீல நிறம். மார்க் 2 களில் பெயருக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தகுந்தது அது ஒன்றுதான் என்பது என் கருத்து.

இனி வில்லங்கம். மார்க் 2 இன் முன்பக்கச் சேஸிச் சட்டம் இரட்டைத் தகரம். நடுவில் நீர் தங்கி, உள்ளேயிருந்து வெளியே உக்குகிறது. மேலே நின்று பார்த்தால் எதுவுமே தெரியாது. பளபளவென்று கழுவி, சில்லுக்குப் புது நிறம் அடித்து விற்கும் கார் ஒன்றின் அடியில், முன்சில்லுகளுக்கு உட்புறமாக ஒரு ஸ்குரூட்றைவரின் கைப்பிடியால் தட்டிப்பாருங்கள். நல்ல தகரம் டணார் என்று சொல்லும். உக்கினது மந்தமாக ஒலிக்கும், சிலவேளை செதில் செதிலாகக் கொட்டும். இதை ஒட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்றே செய்த தகரத் துண்டுகளும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டிய கணக்கு வரும்போது மலிவாக எடுத்த கார் மலிவாக இருக்காது. தூக்கியில் ஏற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் மார்க் 2 வாங்கவே வேண்டாம்.

யூலெஸ்ஸில் இது இரண்டுங்கெட்டான். பிந்திய சில கார்கள் யூரோ 4 ஆகப் பதிவாகியிருக்கும், அதே முகம் கொண்ட இன்னொன்று இருக்காது. விற்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள்; லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் இலக்கத்தகட்டைப் போட்டால் அரை நிமிடத்தில் விடை.

வீதிவரியிலும் ஒரு கோணல். 2001 மார்ச் 1 க்கு முன் பதிவான கார்களுக்கு எஞ்சின் அளவைப் பார்த்து வரி, எல்லை 1,549 சிசி. எம்எக்ஸ்-5 இன் சின்ன எஞ்சினும் அந்த எல்லையை ஐம்பது சிசிக்குள் தாண்டிவிடுகிறது. ஆகவே வரி குறையும் என்று நினைத்து 1.6 எடுப்பதில் பயனில்லை, 1.8 க்கும் அதே வரிதான். அந்தத் திகதிக்குப் பின் பதிவானவற்றுக்குக் கார்பன் அளவை வைத்து வரி.

*யாருக்கு:* குறைந்த காசில் உண்மையான எம்எக்ஸ்-5 ஓட்டவேண்டும், விளக்கு எழும்பாவிட்டாலும் பரவாயில்லை, வலயத்துக்கு வெளியே இருக்கிறேன் என்பவருக்கு.

## மார்க் 3: பழிக்கப்பட்டவன்

2005 இல் வந்தபோது பெருத்துவிட்டது, உயரமாக நிற்கிறது என்று திட்டினார்கள். சில்லுக்கும் வளைவுக்கும் நடுவே இடைவெளி கூடத்தான், பார்க்க அழகில்லை. எடை 1,100 கிலோ அளவு. ஆனால் இன்றைக்கு லண்டனில் தினமும் ஓட்டக்கூடிய பழைய எம்எக்ஸ்-5 என்றால் இதுதான், மற்றவற்றோடு போட்டியே இல்லை. யூலெஸ் இல்லை, ரைமிங் பெல்ற் மாற்றும் வேலை இல்லை, ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்யும், ஆறடி ஆள் உட்காரலாம்.

1.8 ஆ, 2.0 ஆ? இங்கே நான் நடுநிலை வகிக்கமாட்டேன். 1.8 க்கு 126 குதிரை, ஐந்து கியர். இந்த எடைக்கு அது மூச்சு வாங்கும். 2.0 க்கு 160. ஸ்போர்ட் என்றால் ஆறு கியரும், ஒரு பின்சில்லு மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டட் ஸ்லிப்பும் சேர்ந்து வரும். காப்புறுதியில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் 2.0 தான். புதிதாக உரிமம் எடுத்த பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் காப்புறுதி விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அந்த வயதில் காரின் விலையைவிட அதுதான் பெரிய தொகை. 2009 இல் முகம் மாறிய மார்க் 3.5 இல் எஞ்சின் உட்பாகங்களைப் பலப்படுத்தி, 2.0 வை நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை விட்டார்கள். காசு இடம் கொடுத்தால் அது.

துணிக்கூரையா, மடியும் கடினக்கூரையா? கடினக்கூரை 2006 இலிருந்து வந்தது. பொத்தானை அமத்தினால் பன்னிரண்டு விநாடியில் மடியும், டிக்கி இடத்தையும் எடுத்துக்கொள்ளாது, எடை ஏறத்தாழ 37 கிலோதான் கூட. தெருவில் நிறுத்துபவருக்கு, துணியைக் கத்தியால் கீறுவார்களோ என்று பயப்படுபவருக்கு, நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவருக்கு அதுதான் சரி. ஆனால் அதில் மோட்டர், சென்சர், இணைப்புகள் எல்லாம் இருக்கின்றன. அவை பழசானால் செலவு. துணிக்கூரையை ஒரே கையால் பின்னுக்குத் தள்ளலாம், சிவப்பு விளக்கில் நிற்கும்போதே. பழுதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாங்கப் போகும்போது கடினக்கூரையை மூன்று தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஒரு தடவை யாருக்கும் வேலை செய்யும்.

கறள் இல்லாதவன் என்று இவனை நினைக்க வேண்டாம். பின்சில்லு வளைவின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், அடிச்சட்டங்களைப் பாருங்கள். சில்லைத் தாங்கும் கீழ்க்கைகளின் போல்ட்டுகள் கறள் பிடித்து இறுகி, சில்லு நேர்ப்படுத்தும் வேலையைச் செய்யமுடியாமல் போவது இவற்றில் சாதாரணம். வெட்டி எடுக்க வேண்டி வந்தால் சின்ன வேலை பெரிய பில்லாகும். குளிரில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டும், சூடானதும் போகவேண்டும். எண்ணெய்க் கம்பியை நீங்களே இழுத்துப் பாருங்கள். அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் எண்ணெயோடு வளர்க்கப்பட்ட காரை நான் எடுக்கமாட்டேன், எவ்வளவு மினுங்கினாலும்.

*யாருக்கு:* வலயத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும். ஒரே ஒரு கார்தான் என்பவருக்கும்.

## விளம்பரத்தில் வராத செலவுகள்

நீர். எம்எக்ஸ்-5 உக்குவதற்குப் பாதிக் காரணம் கூரையின் வடிகால். துணிக்கூரையில் விழும் மழை இருக்கைகளின் பின்னால் ஒரு வாய்க்காலில் இறங்கி, சீற்பெல்ற் நிற்கும் தூண்களின் அருகே குழாய் வழியாகப் பின்சில்லுக்கு முன்னால் நிலத்தில் விழவேண்டும். இலைச்சருகு அடைத்தால் நீர் சில்ஸுக்குள் போகும். பார்க்கப் போகும்போது ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோய், விற்பவரிடம் கேட்டுவிட்டு வாய்க்காலில் மெதுவாக ஊற்றுங்கள். அதே பக்கம் கீழே சொட்டினால் நல்லது. ஊற்றியது எங்கே போனதென்றே தெரியாவிட்டால், இருக்கையின் பின்னால் கம்பளத்தை அமத்திப் பாருங்கள், ஈரம் கையில் ஒட்டும்.

கறுப்புப் பூச்சு. அடியில் புதிதாகத் தடிப்பாகக் கறுப்புப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். பிரித்தானிய அரசின் தளத்தில் இலக்கத்தகட்டைக் கொடுத்தால் பழைய எம்ஓரி சோதனைக் குறிப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். மூன்று வருடம் தொடர்ந்து "கறள், அட்வைசரி" (இப்போது தேறியது, ஆனால் கவனியுங்கள்) என்று வந்து, நான்காம் வருடம் அந்தக் குறிப்பு காணாமல் போய், "அடிப்பூச்சு மூடியிருந்தது" என்று இருந்தால் என்ன நடந்தது என்று உங்களுக்கே விளங்கும். யூனோஸுக்கு ஜப்பான் வரலாறு இங்கே வராது.

பற்றறி. மார்க் 1, 2 இல் பற்றறி டிக்கிக்குள் இருக்கிறது. அதற்கு மூடிய வகை, வாயுக்குழாய் வைத்த பற்றறிதான் போட வேண்டும். மலிவென்று சாதாரணம் போட்டவர்களின் டிக்கி அடியை அமிலம் தின்றிருக்கும். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்.

கூரை. கிழிந்த துணிக்கூரையைப் புதிதாக்கிப் பொருத்தச் சில நூறு பவுண். மார்க் 2 இன் கண்ணாடி வைத்த கூரை மார்க் 1 க்கும் பொருந்தும். தொழிற்சாலைக் கடினக்கூரையும் இந்த இரண்டுக்கும் பொது. காரோடு ஒன்று சேர்ந்து வந்தால் விலை பேசும்போது அதைத் தனியே எண்ணுங்கள், அது தனியாகவே நல்ல விலைக்குப் போகும்.

காப்புறுதி. வருடத்துக்குக் குறைந்த மைல்தான் என்றால் கிளாசிக் காப்புறுதி கேளுங்கள். காரின் பெறுமதியை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகை இருக்கிறது. மார்க் 1 க்கு அது முக்கியம், இல்லாவிட்டால் விபத்தில் சந்தை விலை என்று சொல்லி அற்பத் தொகை நீட்டுவார்கள். தாழ்த்திய ஸ்பிரிங், வேறு எக்ஸோஸ்ற் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். முன்பு விபத்தில் கழிக்கப்பட்ட காரா என்றும் பாருங்கள்: 2017 இலிருந்து பத்திரத்தில் "எஸ்" (S) என்ற எழுத்து என்றால் சட்டகம் அடிபட்டது, "என்" (N) என்ற எழுத்து என்றால் சட்டகம் தப்பியது. திறந்த காரில் எஸ் வேண்டவே வேண்டாம்.

## இனி யார் எதை எடுப்பது

ஹரோவில் வீடு, ஸ்ரேஷனுக்கும் வேலைக்கும் இதே கார், தெருவில் நிறுத்தம் என்றால் மார்க் 3, 2.0, கடினக்கூரை. கராஜ் இருந்தால் துணிக்கூரை.

ஹரோவில் வீடு, ஆனால் குடும்பக் கார் தனியே இருக்கிறது, இது கோடைக்கு மட்டும் என்றால் மார்க் 1 ஐத் தாராளமாக எடுக்கலாம். மாதம் இரண்டு மூன்று நாள் கட்டணத்தை ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1.8 அல்லது 115 குதிரை 1.6, எஞ்சினில் பிடிவாதம் வேண்டாம், எது கறள் குறைவோ அது.

மில்ரன் கீன்ஸ், நோதாம்ப்ரன் பக்கம், காசு இறுக்கம் என்றால் மார்க் 2.5, 1.8. ஒரு நிபந்தனை: முன்பக்கச் சேஸியைத் தூக்கியில் பார்த்தாக வேண்டும். அரைநாள் கராஜ்காரருக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

வாங்கி வைத்து விலை ஏறினால் விற்கலாம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மார்க் 1, ஆரம்ப 1.6 அல்லது வி-ஸ்பெஷல், மாற்றங்கள் செய்யாத அசல், பத்திரங்கள் எல்லாம் இருப்பது. ஆனால் அப்படி எடுத்தவர் அதை ஓட்டப் பயந்து கராஜில் மூடி வைப்பார், மூடி வைத்த காரின் றபரும் பிறேக்கும் கெட்டுப்போகும். இந்தக் காரின் பின்பிறேக் ஓடாமல் நின்றாலே இறுகிக்கொள்ளும் வகை. பணம் பண்ண வேறு வழி தேடலாம்.

எதைப் பார்க்கப் போனாலும் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: "நான் வரும்வரை எஞ்சினை ஸ்ராட் பண்ண வேண்டாம்." போனதும் பொனற்றில் கை வையுங்கள். சுட்டால், குளிரில் அது எப்படி எழும்பும் என்பதை விற்பவர் உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள். இந்தக் கார் ஒன்றல்ல, பத்து இலட்சம் செய்திருக்கிறார்கள்.